மைக் இல்லாதவருக்கு இடமில்லை

மக்கா,

அப்பாவின் பிரவுசிங் சென்டரை இன்று காலி செய்து கொடுத்தோம். அடுத்து அங்கே செல்போன் கடை வைக்கப்போகிறவர் சாவிக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒயர்களும் உடைந்த கீபோர்டுகளும் போட்டுவைத்த அட்டைப்பெட்டியைத் தரையில் கொட்டினேன். உன் ஹெட்செட் கையில் வந்தது. காதில் வைக்கிற பஞ்சு பொடிந்து விரலெல்லாம் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் நகத்தடியில் கொஞ்சம் நிற்கிறது. அந்தக் கையோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மனநிலையில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ பேசியதை இதில் எழுதும்போது திக்கலில்லாமல்தான் எழுதுவேன். உனக்குத் திக்குவாய் என்பது எனக்கும் தெரியும், முட்டத்தில் உன் தெருவுக்கும் தெரியும். அதை எழுத்தில் போட்டுக்காட்டுகிற வேலையை வேறு சிலர் செய்தார்கள். நான் செய்ய மாட்டேன்.

கல்லூரியில் நாம் ஒரே வகுப்பு. வாய்மொழித் தேர்வில் உன் முறை வந்தால் ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். உனக்கு விடை தெரியும். அது வெளியே வருவதற்குள் "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டு உட்காரு" என்பார். பின்பெஞ்சில் எவனாவது "கொன்னவாயன்" என்று முனகுவான். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாய். உன்மேல் எனக்கு வந்த முதல் கோபம் அந்தச் சிரிப்புக்காகத்தான்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். சாயங்காலங்களில் அப்பாவுக்குப் பதில் நான் கல்லாவில் உட்காருவேன். நீ முட்டத்துக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் எங்கள் கடையின் ஓரத்துக் கேபினில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாய். ஒருநாள் உன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றேன். ஐந்து பேர் ஐந்து பேராகப் பிரிந்து, ஒரு பக்கத்தார் குண்டு வைக்க, மறுபக்கத்தார் அதைச் செயலிழக்கச் செய்கிற ஆட்டம். திரையின் கீழ் மூலையில் பேசிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி. அதில் நீ எழுதிக்கொண்டே போனாய். ஒருவனுக்கு வழி சொன்னாய், இன்னொருவனைக் கிண்டல் செய்தாய், தங்களுக்குள் அடித்துக்கொண்ட இரண்டு பேரைச் சமாதானப்படுத்தினாய். உன் விரல் ஓயவே இல்லை. ஆட்டத்தில் உன் பெயர் கச்சான். கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் "கச்சான்னா என்ன ப்ரோ?" என்று கேட்டான். "எங்க ஊர்ல மேற்கேருந்து அடிக்கிற காத்து. இப்ப உனக்குப் பின்னால அடிக்குது" என்று போட்டுவிட்டு அவனைச் சுட்டாய். எல்லாரும் சிரித்து எழுதினார்கள். ஒரு வருஷமாக உன்னோடு படித்தவள் நான். நீ பேசி அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன்.

பிறகு உன்னோடு சேர்ந்து ஆடுகிற அந்தக் குழுவுக்குள் என்னையும் இழுத்துவிட்டாய். எனக்குச் சுடவும் தெரியாது, அவர்களுடைய சுருக்கெழுத்தும் தெரியாது. ஏ.எஃப்.கே. என்றால் கீபோர்டை விட்டு எழும்பிப் போகிறேன், பி.ஆர்.பி. என்றால் இதோ வந்துவிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தாய். கல்லாவில் யாரோ கூப்பிட்டார்கள் என்று நான் ஆட்டத்தின் பாதியில் எழுந்து போனபோது உனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "ஏட்டி, சொல்லாம எந்திரிச்சுப் போவக் கூடாது கேட்டியா. நாலு பேரு நம்மள நம்பி நிக்கானுவ" என்றாய். நான் எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்தால், "எதுக்குட்டி கத்துக? காது வலிக்கி" என்பாய். புதிதாக வந்தவனை எவனாவது 'நூப்', அதாவது கத்துக்குட்டி, என்று திட்டினால், ஆட்டம் முடிந்த கையோடு திட்டியவனைத் தனியாகக் கூப்பிட்டு எழுதுவாய். குழுவில் சேருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்று இந்த மரியாதைகளையெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்ததும் நீதான்.

மின்வெட்டுக் காலத்தில் யு.பி.எஸ். கீச்சிட ஆரம்பித்ததும் கடையில் மற்றவர்கள் அவரவர் வேலையைச் சேமிக்கப் பறப்பார்கள். நீ மட்டும் குழுவில் இருந்த ஒவ்வொருவனிடமும் "கரண்ட் போகுது, மன்னிக்கணும், நாளைக்கு வாறேன்" என்று எழுதிக்கொண்டிருப்பாய். கல்யாண வீட்டிலிருந்து கிளம்புகிற ஆளைப்போல, அத்தனை பேரிடமும் சொல்லிக்கொள்ளாமல் உனக்குக் கிளம்ப வராது. பாதிப் பேரிடம் சொல்வதற்குள் திரை இருண்டுவிடும். மறுநாள் வந்து மீதிப் பேரிடம் மன்னிப்புக் கேட்பாய்.

ஒருநாள் உன் அம்மா மீன் விற்றுவிட்டு, வெறும் அலுமினியச் சருவத்தை இடுப்பில் வைத்தபடி எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரக் கூச்சம். "எனக்க மவன் இங்க வந்து என்னவாக்கும் செய்யான் மக்கா?" என்று என்னிடம் கேட்டாள். "விளையாடுகான் அம்மா" என்றேன். படிப்பை விட்டுவிட்டு விளையாட்டா என்று சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்தேன். "விளையாடட்டு. வேற எங்க போனாலும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுல்லா வாறான். இங்க வந்தா சிரிச்சிட்டு வாறான்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

பிறகு மைக் வைத்த ஹெட்செட்டுகள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. குழுத் தலைவன் சென்னையில் இருந்தான், ராக்கெட் என்று பெயர் வைத்திருந்தான். வீட்டிலேயே வேகமான நெட், விலை கூடிய கம்ப்யூட்டர். நெட்டில் நம் குழுவுக்கென்று இருந்த பக்கத்தின் உச்சியில் அவன் ஓர் அறிவிப்பை ஒட்டினான். இனி எல்லாரும் மைக்கில்தான் பேச வேண்டும், டைப் அடிப்பதற்குள் செத்துப்போகிறோம், மைக் இல்லாதவருக்குக் குழுவில் இடமில்லை. அவன் சொன்ன காரணம் பொய்யில்லை. டைப் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நீயே பலமுறை சுடப்பட்டிருக்கிறாய். ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ எழுதிக் கொடுத்த பக்கம் அவன் அறிவிப்புக்குக் கீழே போய்விட்டது.

கொஞ்ச நாள் மைக் ரிப்பேர் என்று சமாளித்தாய். பிறகு முணுமுணுப்பு ஆரம்பித்தது. கச்சானுக்குத் தலைக்கனம், நம்மோடு பேச அவனுக்கு இஷ்டமில்லை என்று எழுதினார்கள். "உள்ளதச் சொல்லுல. சொன்னா உன்னய மட்டும் டைப் அடிக்க விடுவானுவ" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அங்க ஆருக்கும் தெரியாதுட்டி. அங்க நான் ஒழுங்கா இருக்கேன்" என்றாய். அதற்குமேல் நான் உன்னை வற்புறுத்தவில்லை.

மீனாட்சிபுரத்தில் போய் அந்த ஹெட்செட்டை வாங்கி வந்தாய். அப்போது படிப்பு முடிந்து நீ வேலை தேடிக்கொண்டிருந்த சமயம். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் வந்து, ஆட்டத்தைத் திறக்காமலே மைக்கை வாய்க்கு நேராக வைத்துப் பழகுவாய். "வலப்பக்கம் ரெண்டு பேரு." "படிக்கட்டுல ஒருத்தன்." "குண்டு இங்க இருக்கு." கல்லாவில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் 'படிக்கட்டு' தகராறு செய்யும், சில நாள் 'குண்டு'. ஒருநாள் மூன்றும் தடையில்லாமல் வந்தன. நீ கேபினுக்கு வெளியே தலையை நீட்டி "கேட்டியா?" என்றாய். கேட்டேன் என்றேன். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்த எனக்கே ஊருக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுக்கலாம் போலிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மைக்கில் வருவதாக அவர்களுக்கு எழுதிவிட்டாய். நான் உன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். "ஹலோ" என்று ஆரம்பித்தாய். பழகிய எதுவும் உதவிக்கு வரவில்லை. முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு திரும்ப முயன்றாய், திரும்பவும் அங்கேயே நின்றது. ராக்கெட் பெட்டியில் எழுதினான்: "ப்ரோ, உன் நெட் கட் ஆகுது."

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். தப்பித்துக்கொள்ள நல்ல வழி. "ஆமான்னு போடுல" என்று உன் காதருகே சொன்னேன். நீ என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீபோர்டை இழுத்தாய். "நெட் இல்ல. எனக்குத் திக்குவாய். கொஞ்சம் பொறுத்தா சொல்லிருவேன்" என்று எழுதினாய்.

பெட்டியில் எவனோ உன் ஹலோவை எழுத்தெழுத்தாக உடைத்துப் போட்டான். அடுத்தவன் அதையே இன்னும் நீளமாகப் போட்டான். ராக்கெட் சிரிப்புக்கான மூன்றெழுத்தை அடித்தான். அதன்பின் எல்லாரும் அடித்தார்கள். எவனெவன் சண்டையை நீ தீர்த்துவைத்தாயோ, நூப் என்று ஏச்சு வாங்கிய எவனெவனுக்காக நீ பேசினாயோ அத்தனை பேரும் இருந்தார்கள். ஒருவன்கூட "விடுங்கடா" என்று போடவில்லை.

நீ அடித்தது இரண்டே எழுத்து. ஜி.ஜி. ஆட்டம் முடிந்ததும் தோற்றவர்கள் முதலில் போட வேண்டியது அது. 'நல்ல ஆட்டம்' என்று அர்த்தம். நான் கீபோர்டைப் பிடுங்கிப் பெரிய எழுத்திலேயே அவன்களைத் திட்ட ஆரம்பித்தேன். நீ குனிந்து கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டாய். "சவத்த விடுட்டி. சண்டைக்குப் போவாண்டாம்."

அது நல்ல ஆட்டம் இல்லை மக்கா. இத்தனை வருஷமாக உன்னோடு நான் மனசுக்குள் போடுகிற சண்டை இதுதான். அவர்களுக்கு மரியாதை தெரியவில்லை, சரி. நீ ஏன் அவர்களுக்குக் கடைசி நிமிஷத்திலும் மரியாதை செய்தாய்? ஒரு கெட்ட வார்த்தையை அடித்துவிட்டு எழுந்திருந்தால் எனக்கு இந்தப் பொருமல் இத்தனை நாள் இருந்திருக்காது. உனக்கு அது வராது என்று தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

ஹெட்செட்டைக் கல்லாவிலேயே வைத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நீ ஆடவில்லை. முட்டத்திலேயே ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதப் போனாய், நான் மார்த்தாண்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் வடசேரிச் சந்தையில் உன் அம்மாவைப் பார்த்தேன். "அவன் இப்பம் உங்க கடைக்கு வாறதில்லியா?" என்று கேட்டாள். வேலை அதிகம்போல என்று எதையோ சொன்னேன். "வீட்டுலயும் ஒண்ணும் மிண்டமாட்டேங்கான், ஒரு பேச்சும் இல்ல" என்றாள். எனக்கு அன்று அந்தச் சென்னைக்காரனைத் தேடிப்போய் அறையலாமா என்றிருந்தது.

பல வருஷம் கழித்து உனக்கு மஞ்சள்காமாலை வந்ததும், நாட்டு மருந்தில் நாளைக் கடத்தியதும், திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோவதற்குள் கை மீறிப்போனதும் நீ அறிந்ததுதான். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. யார் மூலமோ செய்தி குழுவுக்குப் போயிருக்கிறது. அதற்குள் அவர்கள் எல்லாரும் குடும்பஸ்தர்கள், குழுப் பக்கத்தில் பிள்ளைகளின் பிறந்தநாள் படம்தான் இருக்கும். அங்கே ராக்கெட் உன் ஆட்டப்பெயரைக் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டு எழுதியிருந்தான்: "உன் குரலை ரொம்ப மிஸ் பண்றோம் ப்ரோ." கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

நான் எழுதினேன். பெரிய எழுத்தில் இல்லை, நீ சொல்லித் தந்தபடி சின்ன எழுத்தில்தான். "இவன் குரலை நீங்கள் கேட்டது ஒரே ஒரு நாள். கேட்டுவிட்டு என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்." அவன் உடனே பதில் போட்டான்: "சிஸ்டர், இது அஞ்சலி. கொஞ்சம் மரியாதையா எழுதுங்க." அப்புறம் நான் எழுதியதை அழித்தான், என்னையும் குழுவிலிருந்து தூக்கிவிட்டான். உன் குழுவில் எனக்கு மரியாதை சொல்லித் தர அவன் வந்துவிட்டான்!

அவனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், ஒரு மத்தியானம், என் போன் அடித்தது. உன் எண். நீ யாரையும் போனில் கூப்பிடுகிறவன் இல்லை, எதுவானாலும் மெசேஜ்தான். அதனால் உன் அம்மாதான் கூப்பிடுகிறாள் என்று பயந்துபோய் "அம்மா, என்ன ஆச்சு?" என்றேன். பதிலில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஓர் எழுத்து, திரும்பவும் அதே எழுத்து. யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாயே திறக்கவில்லை. எல்லாரும் செய்வதுபோல உனக்காகச் சொல்லி முடிக்கவுமில்லை. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. கடைசியில் முழுதாக வந்தது.

"நானாக்கும்."

அடுத்து எதையோ ஆரம்பித்தாய். "பேசக் கூடாதுன்னு சொன்னேனில்லா?" என்று நர்ஸ்போல ஒரு பெண்குரல் உன்னை அதட்டுவது கேட்டது. போன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை.

சொல்ல வந்ததை ஒரு மெசேஜாக அனுப்பியிருக்கலாமே என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அனுப்பியிருக்கலாம்தான். உன் விரலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என்னிடம் வாயால் பேச வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. என்ன சொல்ல வந்தாய் என்பதை நான் யோசித்து யோசித்து அழுததுண்டு. இப்போது யோசிப்பதில்லை. வந்த ஒரு சொல் போதும். அதைக் கேட்பதற்கு எனக்கு எந்தத் திறமையும் வேண்டியிருக்கவில்லை, கொஞ்சம் சும்மா இருந்தேன், அவ்வளவுதான். அதுகூட அவர்களால் முடியவில்லை.

நீ அவர்களை மன்னித்திருப்பாய். நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. உன் குரலைத் தேடுகிறார்களாம். அது என்னிடம் இருக்கிறது. அவர்களுக்குத் தர மாட்டேன்.