கலிப்பரில் இருந்த போல்ட்

2007 ஒக்டோபர், வெள்ளி இரவு. வெள்ளவத்தை.

கொட்டாஞ்சேனை டீச்சரின் காருக்கு முன்சில்லு டிஸ்க் பிரேக் சாமான் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய சாமான் கடை நானா டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"அக்சிடென்ட் பட்டதில்ல தம்பி. நல்லா ஓடின வாகனத்தக் கழட்டினது."

திருப்பிப் பார்த்தேன். கீழ்ப் போல்ட்டின் தலை ஒரு பக்கம் அராவியிருந்தது. புரி போன இடத்தில் பெரிய போல்ட் போட்டு, சில்லில் முட்டாமல் இருக்க அப்படி அராவியவன் நான்தான். அது அண்ணாவின் காரில் இருந்தது. மாசியில் வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் அவரையும் காரையும் சேர்த்தே கடத்திக்கொண்டு போனார்கள்; இன்னும் ஒரு தகவலும் இல்லை.

"ஆர் கொண்டுவந்தது நானா?"

"அதெல்லாம் கேக்காதீங்க தம்பி" என்றார், குரலைத் தாழ்த்தி.

வாங்கி வந்துவிட்டேன். டீச்சரின் காரில் பூட்டக் கை வரவில்லை. சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

பின்னேரம் அண்ணி கராஜுக்கு வந்தா.

"என்ன தம்பி, சாமான் கிடைக்கேல்லையோ?"

"கிடைச்சது அண்ணி. சரிவரேல்லை."

"அவரின்ர காரும் இதே மொடல்தானே. அவர் வரட்டும், அதைப் பார்த்து அளவெடுங்கோ."

கழட்டி வைத்திருந்த சில்லை எடுத்துத் துடைத்தேன். போகும்போது டீச்சரின் காரை ஓரமாக்கச் சொன்னா. இரவில் அண்ணா வந்தால் கார் விட இடம் வேண்டுமாம்.

சில்லை மாட்டி, காரைத் தள்ளி, இடம் விட்டிருக்கிறேன்.