தீ இல்லாத ராக்கெட்

ஜூன் 3

ராஜபாண்டியன் மாமாவின் பட்டாசு கம்பெனி இந்த சீசனுக்குப் புது ராக்கெட் போடுகிறது. பெட்டிக்கு லேபிள் எங்கள் அச்சகத்தில்தான். அப்பா என்னையே வரையச் சொன்னார்!

வியாழனுக்குப் போய்க்கொண்டிருக்கும் விண்கலத்தை வரைந்தேன். பத்தொன்பதாம் தேதி அது வெள்ளிக் கிரகத்தை ஒட்டிக் கடக்கும். வெள்ளியின் ஈர்ப்பு அதைத் திருப்பி, கூடுதல் வேகத்தோடு அனுப்பிவிடும். ஆனைக்குட்டம் ரோட்டில் பையன்கள் ஓடும் டிராக்டரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் வருவார்களே, ஏறக்குறைய அப்படி. மிதிக்கவே வேண்டாம். அதனால் வாலில் தீ வரையவில்லை.

மாமா படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "தீயை எங்கட்டி? தீ இல்லாத ராக்கெட்டை எவன் வாங்குவான்?"

டிராக்டரைச் சொன்னேன். சிரித்துவிட்டுச் சரி என்றார்.

ஜூன் 9

மஞ்சள் ஓடி முடிந்தது. எங்கள் மிஷினில் ஒரு நேரத்துக்கு ஒரு கலர்தான், கலருக்கு ஒரு பிளேட். தாள் தாளாக வெறும் வெள்ளிக் கிரகம். அடுத்து நீலம், கறுப்பு. கடைசியில் எழுத்துக்குச் சிவப்பு.

ஜூன் 11

விண்கலம் சேஃப் மோடுக்குப் போய்விட்டது. தனக்குள் ஏதோ கோளாறு என்று அதற்கே தெரிந்து, கருவிகளை எல்லாம் அணைத்துவிட்டு, சூரியனைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. மெல்லிய சிக்னல் ஒன்று மட்டும் வருகிறதாம். வெள்ளியை நெருங்கும் முன் பாதையைக் கொஞ்சம் திருத்த வேண்டும். அதற்குள் எழாவிட்டால் தப்பான திசையில் போய்விடும்.

மாமாவிடம் நானே சொன்னேன். ஏன் சொன்னேன்? உடனே அப்பாவிடம் திரும்பினார்.

"செத்த ராக்கெட்டை என் பெட்டியில ஒட்டச் சொல்லுதீகளா, நல்லசிவம்? சிவப்புல தீயைப் போட்டு விடுங்க. சாதா ராக்கெட்டா இருந்துட்டுப் போகட்டும்."

அப்பா என்னிடம், "தீயை வரைஞ்சு குடுத்திரும்மா" என்றார்.

ஜூன் 12

வரையவில்லை.

ஜூன் 13

அப்பாவோடு மாமா கம்பெனிக்குப் போனேன். மழை இல்லை, இடி மட்டும். முதல் இடிக்கே எல்லாரும், வெடிமருந்துக்குப் பயந்து, போட்டது போட்டபடி அறைகளை விட்டு வெளியேறி, தள்ளியிருக்கும் ஷெட்டில் போய் உட்கார்ந்தார்கள். போர்மேன் சொல்லாமல் யாரும் திரும்பக் கூடாது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா, ஒங்க கம்பெனி செத்துப்போச்சா?"

"ஏட்டி! என்ன பேச்சு பேசுத?"

"இடி போற வரைக்கும் சும்மா உக்காந்திருக்காக. போர்மேன் சொன்னா உள்ள போவாக. விண்கலத்துலயும் அதேதான் மாமா."

அப்பா என் கையை அழுத்தினார். மாமா ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போர்மேன் இப்பச் சொல்லிருவான். ஒங்க ஆளு எப்பச் சொல்லுவான்?"

"தெரியல மாமா."

"பதினேழு வரைக்கும் பாப்பேன். அன்னைக்குச் சிவப்பு ஓடணும். லோடு நிக்காது."

ஜூன் 16

பூமியிலிருந்து கட்டளை போயிருக்கிறது. பதில் இல்லை. சிவப்புப் பிளேட் என்னவாகும்?

ஜூன் 17

எழுந்துவிட்டது! பாதையையும் திருத்திவிட்டார்கள். பள்ளி விட்டதும் அச்சகத்துக்கு ஓடினேன். அப்பா பிளேட்டை மாட்டி வைத்திருந்தார், தீ இல்லாததை.

"செய்தி பாத்தீகளாப்பா?"

"இல்லையே. காலையிலயே மாட்டிட்டேன்."

ஜூன் 19

கடந்துவிட்டது. நான் கணக்கு வகுப்பில் இருந்தேன்.

ஜூலை 6

லேபிள் ஒட்டிய பெட்டிகளை மாமா காட்டினார். அதற்குள் போன். எந்த ஊர்க் கடைக்காரரோ தீயைக் காணோம் என்கிறார் போல.

"தீ எதுக்குய்யா? நிலாகிட்டப் போய் வேகம் வாங்கிட்டுப் போகுது. மருந்து மிச்சம்!"

"நிலா இல்ல மாமா, வெள்ளி."

"வெள்ளியாம்யா" என்றார் போனில். "எங்க ஆர்ட்டிஸ்ட் சொல்லுது."