நடுக்களம் அல்லாத பிற இடங்கள்

மார்ச் 4

காலையில் என் மனைவி இடது முழங்காலின் மேல் ஐஸ் பையை வைத்து, அதன் மேல் செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வக்கீல் சார், இது அக்கறையா, குறுக்கு விசாரணையா?"

இரண்டும் என்றேன்.

பின்னாளில் எவரேனும் இதைப் படிக்க நேரின், அவருக்காகச் சில விவரங்கள்: அவள் தொழில்முறைக் கால்பந்து வீராங்கனை. வயது முப்பத்து மூன்று. நடுக்களத்தில் ஓயாது சுழல்வதால் அணியினர் வைத்த பெயர் பம்பரம். ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. அணி முதல் பிரிவில் நீடித்தால் அவளுக்கு இன்னும் ஓராண்டு உண்டு. கீழே இறங்கினால் முப்பதைக் கடந்தவர்களுக்கு விடை கொடுத்துவிடுவார்கள்.

"ஒரு வருஷம் போதும். ஆட்டத்தை நானா நிறுத்தணும். அடுத்தவங்க நிறுத்தக் கூடாது" என்கிறாள்.

மார்ச் 11

கிளப் மேலாளர் தொலைபேசியில் அழாத குறை. "சார், அது பயிற்சி ஆட்டம் சார்! கொஞ்ச நேரம் பின்களத்துல நிறுத்தினதுக்கெல்லாமா நோட்டீஸ் அனுப்புவாங்க?"

ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்து பயிற்சி ஆட்டத்துக்கு விலக்கு அளிக்கவில்லை என்று பணிவுடன் சுட்டிக்காட்டினேன். அந்த ஷரத்து என் சொந்தப் படைப்பு: 'வீராங்கனையை நடுக்களம் அல்லாத பிற இடங்களில், அவருடைய பிரதிநிதியின் முன்கூட்டிய எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி ஆடவைத்தல் ஆகாது.' பிரதிநிதி நான்தான். முன்னொரு பருவத்தில் அவளை வலது பின்களத்தில் நிறுத்தினார்கள். முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவைச் சிகிச்சை வரை போயிற்று. அந்த மருத்துவமனை நடைக்கூடத்தில் உட்கார்ந்துதான் இந்த ஷரத்தின் முதல் வரைவை எழுதினேன்.

மாலையில் அவளும் நோட்டீஸைப் படித்தாள்.

"முட்டி என்னுது. பயம் உங்களுது. ரெண்டையும் ஒரே ஷரத்துல போட்டா எப்படி?"

நோட்டீஸின் நகலைக் கோப்பில் சேர்த்தேன்.

மார்ச் 12

காபி வந்தது. சர்க்கரை இல்லை.

ஏப்ரல் 20

மீண்டும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் தோற்றால் அணி கீழே இறங்கும். சமன் செய்தாலே தப்பிவிடும். அவள் காலணிகளைத் துடைத்தாள்; பிறகு என்னுடையதையும் துடைத்தாள். கை சும்மா இருந்தால் மனம் கெடும் என்றாள்.

ஏப்ரல் 27

வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஆட்டம் முடியும் தறுவாய். இரு தரப்பிலும் கோல் இல்லை. மாற்று வீராங்கனைகள் அனைவரையும் இறக்கியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் கோல்கீப்பர் எதிரணிக்காரியின் காலை வாரிவிட்டாள். சிவப்பு அட்டை. கூடவே பெனால்டி.

யார் கோலில் நிற்பது? என் மனைவி கையைத் தூக்கிவிட்டாள்! முழங்கால் வரை தொங்கும் இரவல் சட்டை, கழன்று விழும் கையுறை. அப்படியே கோலை நோக்கி நடந்தவளை மேலாளர் ஓடிப்போய் மறித்தார். பிறகு மூச்சிரைக்கப் பார்வையாளர் படிகளில் என்னிடம் ஏறி வந்தார்.

"சார், ஏழாவது ஷரத்து! எழுதிக் குடுங்க. இன்னொரு நோட்டீஸ என் உடம்பு தாங்காது."

கோட்டுக்குள் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பேனாவை எடுத்து, நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் தொடங்கினேன். 'இந்த ஆட்டத்துக்கு மட்டும், எவ்வகையிலும் முன்னுதாரணம் ஆகாமல்...' 'வீராங்கனை'க்கு முன்னால் 'மேற்படி' வேண்டுமா? யோசித்தேன். ஆம், யோசித்தேன்!

பக்கத்தில் இருந்த மாமியார் எழுந்தே விட்டார். "மாப்ளே, அங்க பெனால்டி நிக்குது. இங்க வாய்தா வாங்கிட்டிருக்கீங்களே!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "யோவ் கோட்டு! கையெழுத்தப் போடுய்யா!"

களத்திலிருந்து அவளும் கையுறையை வாயருகே குவித்து வைத்துக் கத்தினாள்: "ஏங்க! சும்மா 'சரி'ன்னு எழுதுங்க!"

எழுதியதையெல்லாம் அடித்தேன். 'சரி'. கையெழுத்து. தேதி போடவில்லை, இப்போதும் உறுத்துகிறது.

இத்தனை நேரமும் எதிரணிக்காரி பந்தை வைத்தாள், எடுத்தாள், துடைத்தாள், மறுபடி வைத்தாள், காலணி நாடாவை அவிழ்த்துக் கட்டினாள், நடுவரைப் பார்த்தாள். நடுவர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் ஊதியதும் ஓடி வந்து உதைத்தாள் பாருங்கள் — பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்து, வெயிலுக்குக் குடை விரித்திருந்த ஒருவரின் மடியில் இறங்கியது.

ஆட்டம் சமன். தப்பித்தோம்.

மாமியார் என் கன்னத்தைக் கிள்ளினார். திருமணத்தன்று கூட அவர் இவ்வளவு மகிழ்ந்து நான் கண்டதில்லை.

ஏப்ரல் 28

"பந்த நான் தொடவே இல்ல" என்று சிரிக்கிறாள். "எல்லாம் உங்க இழுவைதான். அவ்ளோ நேரம் நிக்க வச்சா, அவ கால் என்னத்துக்காகும்?"

காலதாமதம் உள்நோக்கம் கொண்டதல்ல என்றேன்.

"தெரியும். அது உங்க பிறவிக் குணம்."

கோலில் நின்றபோது பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இருந்துச்சு. ஆனா அது என் பயம். நல்லாத்தான் இருந்துச்சு."

மே 19

ஓராண்டுக்கான புதிய ஒப்பந்த வரைவு வந்தது. மேலாளரே ஏழாவது ஷரத்தை ஓர் எழுத்து விடாமல் சேர்த்திருந்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குறுக்கே கோடிட்டுச் சுருக்கொப்பம் இட்டு அனுப்பினேன்.

உடனே அழைப்பு. "சார், இதுல ஏதாவது பொறி இருக்கா?"

இல்லை என்றேன்.

"அத எழுத்துல தருவீங்களா?"

ஆகஸ்ட் 16

புதிய பருவத்தின் முதல் ஆட்டம். நடுக்களத்தில் தொடங்கினாள். ஆட்டத்தின் பின்பகுதியில் பயிற்சியாளர் அவளை வலது பின்களத்துக்கு அனுப்பினார். ஒருமுறை சறுக்கிப் பந்தைப் பறித்துவிட்டு, உடனே எழவில்லை. நான் எழுந்துவிட்டேன். அவள் முழங்காலை இரு தட்டுத் தட்டி, எழுந்து, எங்கள் வரிசை இருக்கும் பக்கம் பார்த்தாள். கை தட்டினேன்.

மாமியார் என் சட்டைப் பையை நோட்டமிட்டார். "பேனா எங்க மாப்ளே?"

வீட்டில் இருந்தது. மறதியால் அன்று என்பதை இதனால் பதிவு செய்கிறேன்.