சாம்பாரில் மிதந்த மீட்டர்

இன்று கிளியனூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்து ஓட்டலில் யாரோ மிளகு ஆம்லெட் போட்டார்கள். சூடான எண்ணெயில் மிளகு பொரியும் நெடி மூக்கில் ஏறியதும் எனக்குத் தும்மலும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீ இருந்திருந்தால் அவரையும் பிடித்து நிறுத்தி முழுக் கதையையும் சொல்லியிருப்பாய். எனக்கு அது வராது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

வானூரில் தாலுகா ஆபீசுக்கு எதிரே நம் டைப்பிங் சென்டரில் வாரம் முழுக்க மனுக்களும் கல்யாணப் பத்திரிகைகளும் அடித்தோம். சனிக்கிழமை மதியம் மட்டும் கடையைப் பூட்டிவிட்டு எல்லோருமாக எதிர் ஓட்டலுக்குப் போவோம். வாரமெல்லாம் அடக்கி வைத்த பேச்சு அந்த மேசையில்தான் வெளியே வரும். பெரும்பாலும் உன் வாயிலிருந்து. 2005 கோடையில் உன் கால்கள் வீங்கின. சிறுநீரகம் பழுதாகிவிட்டது, நாள் முழுவதற்கும் அரை ஸ்பூன் உப்புக்கு மேல் கூடாது என்று புதுச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். மரக்காணம் திரும்பும் பஸ்ஸில், வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைப் பறிக்க, நீ என் தோளில் இடித்தாய்.

"எங்கப்பா லாரி லாரியா உப்பு ஏத்தி அனுப்பறாரு. எனக்கு அரை ஸ்பூனாம். நல்லா இருக்குதுடி நியாயம்!"

அன்று சிரித்தாய். ஆனால் அடுத்த சனிக்கிழமை, "நீங்க போய்ட்டு வாங்கடி" என்று கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாய். ஓட்டலில் நாங்கள் தலையைக் குனிந்து சாப்பிட்டு எழுந்தோம். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். ருசி போனதை நீ தாங்கிக்கொண்டாய். ஓட்டல் மேசையில் உன் நாற்காலி போனதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழி புத்தகம். திண்டிவனம் நூலகத்தில் உணவுச் சத்துகள் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தேன். துவரம்பருப்பில் என்ன, முருங்கைக்கீரையில் என்ன என்று பக்கம் பக்கமாக அட்டவணை. ஓட்டல் சாம்பாரில் எவ்வளவு உப்பு என்று ஒரு வரி இல்லை. நீ பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினாய். "இதுக்குப் பின்னாடி எல்லாம் போட்டிருக்கான் பாரு. இட்லியத் திருப்பிப் பாத்தா என்னடி இருக்குது? இட்லிதான் இருக்குது."

அந்தப் பேச்சிலிருந்துதான் உன் மகா யோசனை பிறந்தது. அடுத்த சனிக்கிழமை நீயும் எங்களோடு கிளம்பினாய். ஓட்டலில் உட்கார்ந்ததும் துப்பட்டாவுக்குள்ளிருந்து உன் அப்பாவின் மீட்டரை எடுத்தாய். உப்பளத்தில் பாத்தித் தண்ணீர் முற்றிவிட்டதா என்று பார்க்கிற சாண் நீளக் கண்ணாடிக் குழாய். தண்ணீரில் உப்பு ஏற ஏற மீட்டர் மேலே எழும்பும். "கடத்தண்ணியவே அளக்குது. சாம்பாரு என்ன பெரிய இது?" என்றாய். எனக்கும் அது சரி என்றே பட்டது. இத்தனை படித்தவள், யோசிக்கவே இல்லை.

"அண்ணே, ஒரு ஜக்குல சாம்பார் குடுங்க."

"ஜக்குலயா? பார்சலாம்மா?" என்றார் சப்ளையர்.

"இல்லண்ணே, இங்கயேதான்."

மீட்டரை உள்ளே விட்டாய். ஒரு முருங்கைக்காய்த் துண்டு குறுக்கே வந்தது, ஸ்பூனால் தள்ளிவிட்டாய். மீட்டர் ஆடி ஆடி நின்றது. குனிந்து பார்த்த உன் முகம் வெளுத்தது. "அய்யோ, கடத்தண்ணியவிட அதிகமா காட்டுதுடி! இவ்ளோ நாளா இதையா ஊத்தி ஊத்தித் தின்னோம்?"

பக்கத்து மேசைப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, சாம்பாருக்கு ஜொரமா?"

ஓட்டலே சிரித்தது. நான் மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். நீ அசரவில்லை. மீட்டரைத் துடைத்து, சாப்பாட்டோடு வந்த பாயசத்தில் விட்டாய். அது சாம்பாரைவிட உயரத்தில் நின்றது. ஒரு கணம் என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். பிறகு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாய். "எங்கப்பன் மீட்டருக்குப் பருப்பும் உப்புதான், சக்கரையும் உப்புதான்டி! கெட்டியா எது இருந்தாலும் தூக்கிக் காட்டுது!"

சிரிப்பைக் கேட்டு மாஸ்டரே கரண்டியோடு வெளியே வந்தார். அண்டாவுக்கு எவ்வளவு உப்பு போடுவீர்கள் என்று கேட்டாய். "கை என்ன சொல்லுதோ அதுதாம்மா. எனக்கே தெரியாது" என்றார். எவ்வளவு என்ற கேள்விக்கு அந்த ஓட்டலில் யாரிடமும் பதில் இல்லை. நான் சோர்ந்துபோனேன். நீதான் கேள்வியை மாற்றினாய்.

"சரி மாஸ்டர், எதுல இன்னும் உப்பு போடல? அதச் சொல்லுங்க."

அவர் கரண்டியால் தாடையைச் சொறிந்தார். தோசை மாவில் காலையிலேயே விழுந்துவிட்டது. பொரியலிலும் ஆகிவிட்டது. "சோத்துல நாங்க போடறதே இல்ல. தயிரு சும்மாத்தான் இருக்குது. ஆம்லெட்டு, நீ சொல்ற அப்பதான ஊத்துவேன்?"

உன் கண்கள் விரிந்ததை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது. "அப்ப ஒரு ஆம்லெட்டு, உப்பே காட்டாம! மொளகு அள்ளிப் போடுங்க!" அடுப்பு வரைக்கும் அவர் பின்னாலேயே போய், கல்லில் முட்டை விழும் வரை காவல் நின்றாய். முதல் துண்டை வாயில் வைத்ததும் உனக்குத் தும்மல், இருமல், கண்ணில் தண்ணீர். "சூப்பர்டி" என்றாய். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினாய்.

அன்று முதல் எந்த ஓட்டலுக்குப் போனாலும் நமக்கு அது ஒரு வேட்டை. திண்டிவனத்தில் ஒரு கடையில் உப்பும் தாளிப்பும் சேராத பருப்பு கிடைத்தது. உப்புப் போடும் முன் எடுத்து வைத்த கீரை இன்னொரு கடையில் கிடைத்தது. குயிலாப்பாளையத்தில், வெளிநாட்டுக்காரர்கள் வருகிற சின்னக் கடை ஒன்றில், ஒவ்வொரு பதார்த்தத்திலும் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று கரும்பலகையில் எழுதியே வைத்திருந்தார்கள். "ஏய், கேக்காமலே சொல்றாங்கடி!" என்று வாசலில் நின்று பரீட்சை ரிசல்ட் மாதிரி சத்தமாக வாசித்தாய். பூசணி சூப்புக்கு நேரே 'உப்பு இல்லை' என்றிருந்தது. குடித்துவிட்டு வெளியே வந்ததும் என் காதருகே, "சூப்பு நல்லாவே இல்ல. ஆனா அந்தப் பலகை இருக்குதே, அதுக்காகத் தெனமும் வரலாம்" என்றாய்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, அளந்து வைத்த சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சலித்துக்கொண்டாய். "இங்க யாரையும் ஒண்ணும் கேக்க வேண்டியதே இல்ல. போர் அடிக்குதுடி."

இந்த வருஷம் பொங்கலுக்கு முன்பே நீ போய்விட்டாய். நம் சென்டரில் இப்போது புதிதாக ஒரு அக்கா சேர்ந்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை. போன சனிக்கிழமை, "நீங்க போங்க, ஓட்டல்ல எதுல என்ன போடறான்னு யாருக்குத் தெரியும்" என்று உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிட்டார். இரண்டாவது டம்ளர் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள் நான் என்று உனக்குத் தெரியும்.

"கேட்டாத் தெரிஞ்சிடும்க்கா. எழுந்து வாங்க" என்றேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மேசைகளைத் தாண்டி, நேராக அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன்.