பாதிச் சவரம்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுத இந்தத் தடவை கை வரவில்லை, ஆனால் அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம், அந்த மட்டில் நீ மூச்சு விடலாம். போனில் நீ அழ நான் அழ என்று விஷயம் பாதியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். உடம்பெல்லாம் அலுப்பு, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

அன்று காலை அப்பாவின் சலூனில் முதல் ஆளாகப் பேக்கரிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கன்னம் முடித்து அடுத்த கன்னத்துக்குப் போகும்போது அப்பா கையிலிருந்து கத்தி நழுவியிருக்கிறது. கை மரத்துப்போச்சு என்று உதறிவிட்டு, எடுக்கக் குனிந்தவர்தான், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேக்கரிக்காரர் கழுத்துத் துண்டும் பாதி முகத்தில் நுரையுமாக அவரைத் தன் ரொட்டி வேனிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று டாக்டர் கேட்டதற்கு, இந்தக் கன்னம் முடிகிறவரைக்கும் என்று தன் முகத்தையே காட்டினாராம். இன்னும் நாலரை மணி நேரம் தாண்டவில்லை, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம் என்றார்கள்.

நானும் மாமாவும் போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் முடிந்திருந்தது. ரத்தக்கசிவு இல்லை, மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பு. வலது கை சாக்குப்பை மாதிரி கிடந்தது. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். உன் மாமாதான் உலகம் தெரிந்தவராயிற்றே, என் காதோரம் வந்து, "அக்கா, நெஞ்சுல ஸ்டென்ட் வச்சதுக்குக் குடுத்த மாத்திரையப் பத்தி வாயத் திறக்காத. சொன்னா ஊசி போடமாட்டாங்க, கை போயிடும்" என்றார். கத்தி பிடிக்கிற கையடி அது, அது போனால் மனுஷர் உட்கார்ந்தே செத்துப்போவார். ஆனால் அந்த மாத்திரை இரண்டும் தொடங்கினதிலிருந்து அவர் தாடையில் சின்னக் கீறல் விழுந்தாலும் ரத்தம் நிற்காது, படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பவள் நான்தானே. மண்டைக்குள் கசிந்தால் படிகாரத்தை எங்கே வைப்பது என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

டாக்டர் அம்மா சின்ன வயசுதான், நிதானமாகப் பேசினார். "இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்குக் கசியறது கொஞ்சம் கூடலாம், அதுக்காக ஊசி போடாம விடமாட்டோம். போட்டா நல்லதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கணும், நல்லவேளை சொன்னீங்க." ரத்தம் உறையாமல் இருக்க வேறு வகை மருந்து உண்டாம், அதையும் சாப்பிடுகிறாரா என்று கேட்டார், இல்லை என்றேன். ஊசி ஏறியது. ஈறில் ரத்தம் கசிந்தது, எனக்கு உயிரே இல்லை, மறுநாள் ஸ்கேனில் தலைக்குள் ஒன்றும் இல்லை என்றார்கள். நடுவில் பழக்கதோஷத்தில் நான் பழைய மாத்திரையைப் பிரிக்கப்போக, நர்ஸ் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு பிடுங்கிக்கொண்டாள், அடுத்த ஸ்கேன் பார்க்கிறவரை அதைக் கொடுக்கக்கூடாதாம்.

இப்போது பேச்சு குழறினாலும் புரிகிறது. குளிப்பாட்ட, உடுத்த, ஊட்ட, எனக்கு இடுப்பு ஒடிகிறது, கோபம் வேறு வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நேற்று பேக்கரிக்காரர் பார்க்க வந்தார். அப்பா அவரையே உற்றுப் பார்த்துவிட்டு, மறுபக்கத்தை எவன் சிரைத்தான், கிருதா ஏறியிருக்கிறதே என்று குழறினார். பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி கத்தி பிடிப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன், பயிற்சி செய்யட்டும், பார்ப்போம் என்றார், அதற்கு மேல் சொல்லவில்லை.

அலறியடித்துக்கொண்டு வராதே, லீவு கிடைக்கும்போது வா. என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். அம்மா பயப்படுவாள் என்று என்னிடம் எதையும் மறைக்காதே, பயந்தாலும் தாங்குவேன் என்று பார்த்துவிட்டேன். தீர்க்காயுசாக இருங்கள் இருவரும்.

இப்படிக்கு,
உன் அம்மா

கீழே புழு நெளிகிற மாதிரி இருப்பது அப்பாவின் கையெழுத்து. இடது கையால் போடுங்கள் என்றேன், கேட்கவில்லை. வலது கையால்தான் போட்டார்.