செயின் எந்தப் பக்கம்

ஸ்ரீரங்கம்,
08.01.2025

மரியே வாழ்க

அன்புள்ள ராணிக்கு,

நான் சுகம். நீயும் உன் அக்கா லிசியும் தென்னூரில் சுகமாகத்தான் இருப்பீர்கள். "போன் பண்ணாதீங்க, போன்ல கத்துவீங்க. சொல்றது எதுவா இருந்தாலும் எழுதுங்க, எழுத்துல கத்த முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரு மாதமாகப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள். ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் முக்கால் மணி நேரத்தில் உன் வாசலில் நிற்பேன். அதை விட்டுவிட்டு ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். ஐப்பசி மழை கொட்டுகிறது. கொல்லையில் மோட்டார் நனைகிறது. பரணில் கையை விட்டதும் ஒரு துணிச்சுருள் வந்தது. பிரித்தால், கல்யாணத்துக்கு முன்னால் நீ போட்ட பெயிண்டிங். நல்ல கெட்டித் துணி. ஆயில் பெயிண்ட் அடித்த பக்கம் தண்ணீர் இறங்காது என்பதால் அதை வெளிப்பக்கம் வைத்து மோட்டாரைச் சுற்றிக் கட்டினேன். மோட்டார் தப்பித்தது. டிசம்பரில் நீ பார்த்தாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

இதற்காக முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தை விட்டு யாராவது போவார்களா? கடையில் இதைவிடப் பெரிய படம், சட்டத்தோடு வாங்கித் தருகிறேன். பொங்கலுக்கு வந்துவிடு.

இப்படிக்கு,
விக்டர்


தென்னூர்,
21.01.2025

அன்புள்ள பிராங்க்ளின் அப்பாவுக்கு,

பொங்கலுக்கு வரச்சொல்லி எழுதிய கடிதம், பொங்கல் முடிந்து ஆறு நாள் கழித்துக் கிடைத்தது. பின்கோடு போட மறந்துவிட்டீர்கள். முப்பது வருஷம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவளின் வீட்டுக்காரர்! நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தீர்கள்.

படம் நனைந்துபோனதற்காக நான் கிளம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கட்டியிருந்தால் அன்றைக்கே திட்டிவிட்டு மறந்திருப்பேன். பெயிண்ட் பக்கம் வெளியே இருந்ததிலேயே தெரிந்தது, நீங்கள் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்தபிறகும் தண்ணீர் இறங்காது என்பது மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. நான் ஆயிலில் போட்டது அது ஒன்றுதான். அதில் என்ன வரைந்திருந்தேன் என்று இப்போது கேட்டால் சொல்வீர்களா?

லிசி அக்கா வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள் ஈஸ்டரோடு காலி பண்ணுகிறார்கள். "மாடிய நீயே எடுத்துக்கோ ராணி, நிரந்தரமா இங்கேயே இருந்துக்கோ" என்கிறாள். ஈஸ்டருக்குள் அவளுக்குப் பதில் சொல்லவேண்டும். பிராங்க்ளினிடம் எதுவும் சொல்லாதீர்கள். பெங்களூரில் அவனுக்கு இருக்கிற தலைவலி போதும்.

பிரஷர் மாத்திரை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது.

அமலராணி


ஸ்ரீரங்கம்,
17.02.2025

மரியே வாழ்க

அன்புள்ள ராணிக்கு,

உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு சுவர் இருந்த மாதிரி ஞாபகம். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. துணியைத் துவைத்த பெட்ஷீட்டில் சுற்றி நம் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். திறந்து பார்க்கத் தைரியம் இல்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் எந்த இரும்பில் எங்கே கீறல் என்று பார்த்துப் பார்த்துச் சொன்னவன் நான். உன் படத்தை ஒரு நிமிஷம் பார்க்கவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். சிரிக்காதே. தில்லைநகரில் ஒரு மருந்துக்கடை மாடியில் மஹ்ஜபீன் என்ற பெண் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேன்வாஸ் பெயிண்டிங் சொல்லிக்கொடுக்கிறாள். நம் பிராங்க்ளின் வயசுதான் இருக்கும். அவளிடம் சேர்ந்துவிட்டேன். எதிர்வீட்டு ரெங்கராஜ், "எங்க சார், பையோட?" என்றார். "கேன்வாஸ் கிளாசுக்கு" என்றேன். "எலெக்‌ஷன் இன்னும் வரலையே சார், அதுக்குள்ள எந்தக் கட்சிக்குக் கேன்வாஸ் பண்றீங்க?" என்கிறார்!

கேன்வாஸ் என்றால் பிரஷ்ஷால் வரைவது என்று நினைத்திருந்தேன். அங்கே ஆளுக்கொரு வழி. பேங்க் ஆபீசர் பிரேமலதா மேடம் நம்பர் போட்ட படம் கொண்டுவருவார். கட்டத்துக்குள் ஏழு என்று இருந்தால் ஏழாம் நம்பர் டப்பா, பன்னிரண்டு என்றால் பன்னிரண்டாம் டப்பா. கோடு தாண்டினால் முகம் வாடிவிடும். யாழினி என்ற காலேஜ் பெண் பிரஷ்ஷையே தொடுவதில்லை. நாலு கலரைத் தண்ணியாகக் கரைத்து ஒரே கப்பில் விட்டு, கேன்வாஸ்மேல் கவிழ்த்து, தோசைக்கல்லைச் சாய்க்கிற மாதிரி அப்படியும் இப்படியும் சாய்ப்பாள். என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது. பரக்கத் அலி பாய் ரிட்டயர்டு கண்டக்டர். காது குடைகிற பட்ஸைப் பெயிண்டில் தொட்டுத் தொட்டு வெறும் புள்ளியாலேயே மலைக்கோட்டையை எழுப்பிக்கொண்டிருக்கிறார். ஒருவர் கொத்தனார் மாதிரி கரண்டியால் பெயிண்டை அப்புகிறார். ஒரு அம்மா கேன்வாஸில் ஊசி நூலால் பூப் போடுகிறார்.

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பொருளை வரைங்க சார்" என்றாள் மஹ்ஜபீன். மோட்டாரை வரைந்தேன். வேறென்ன வரைவேன்? ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யானை நல்லா வந்திருக்கு சார்" என்றாள்.

பின்கோடு போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
விக்டர்


தென்னூர்,
07.03.2025

அன்புள்ள பிராங்க்ளின் அப்பாவுக்கு,

யானையைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தேன். "என்னடி?" என்று லிசி அக்கா ஓடி வந்தாள். டிசம்பருக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்கு நன்றி. சும்மா சொல்லவில்லை.

கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். உங்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும். அந்தப் பெண் கேன்வாஸுக்கு முதலில் வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்லிக்கொடுத்தாளா? காய்ந்ததும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, மறுபடி ஒரு பூச்சு அடிக்கவேண்டும். அது இல்லாவிட்டால் துணி பெயிண்டைக் குடித்துவிடும். அந்த நாளில் நான் உறையூரில் தறிக்காரர் வீட்டில் காடாத்துணி வாங்கி, வீட்டிலேயே பசை காய்ச்சித் தடவுவேன். வீடே நாறும். அம்மா வாசலில் போய் நிற்பாள்.

ஒன்று நியாயமாகச் சொல்லவேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு வரையாதே என்று நீங்கள் என்னிடம் சொன்னதில்லை. வரைகிறாயா என்று கேட்டதும் இல்லை. வரையவேண்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. ஆபீஸ், பிள்ளை, சமையல் என்று நானாகச் சுருட்டிப் பரணில் போட்டேன். அதை உங்கள் தலையில் கட்டக்கூடாது. மோட்டார் மட்டும் உங்கள் தலையில்தான்.

தவக்காலம் ஆரம்பித்துவிட்டது. என்ன விட்டிருக்கிறீர்கள்? போன வருஷம் மாதிரி கோழியை விட்டுவிட்டு மீனை ஒரு பிடி பிடிக்காதீர்கள்.

மாடி விஷயம் இன்னும் முடிவாகவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அமலராணி


ஸ்ரீரங்கம்,
02.04.2025

மரியே வாழ்க

அன்புள்ள ராணிக்கு,

இந்தத் தவக்காலத்துக்குக் கத்துவதை விட்டிருக்கிறேன். பால்காரர் என்னைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்கிறார்.

பெயிண்டிங் எனக்கு வராது என்று தெரிந்துபோயிற்று. ஆனால் ஒரு வேலை வருகிறது. கேன்வாஸ் துணியைச் சட்டத்தில் இழுத்து அடிப்பது. எல்லாரும் ஒரு மூலையில் ஆரம்பித்து அப்படியே சுற்றி அடிக்கிறார்கள், துணி கோணிக்கொள்கிறது. என்ஜினில் போல்ட்டை முடுக்கும்போது எதிரெதிராகத்தானே முடுக்குவோம்? அதே மாதிரி, ஒரு பக்கம் நடுவில் ஒரு பின், அதற்கு நேர் எதிரே ஒரு பின், பிறகு மற்ற இரண்டு பக்கம், கடைசியில்தான் மூலை. சுண்டினால் தவில் மாதிரி சத்தம் வரவேண்டும். இப்போது கிளாஸில் எல்லாருக்கும் கேன்வாஸ் அடித்துக்கொடுப்பது நான்தான். "விக்டர் சார் அடிச்ச கேன்வாஸ்ல புள்ளி கூட நேரா உக்காருது" என்கிறார் பரக்கத் அலி பாய். பெருநாள் பிரியாணி நம் வீட்டுக்கும் அனுப்பியிருந்தார். நீ இல்லாமல் சாப்பிட்டேன்.

போன மாதம் பெட்ஷீட்டைப் பிரித்தேன். மஹ்ஜபீனை வீட்டுக்கு வரவழைத்துக் கேட்டேன். "தேய்க்காதீங்க சார், தொட்டுத் தொட்டு எடுங்க" என்றாள். பாயிடம் பட்ஸ் வாங்கி, துளித்துளித் தண்ணீரில் தொட்டு, ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவு அழுக்கை எடுத்தேன். கயிறு கட்டிய இடத்தில் பெயிண்ட் உதிர்ந்துவிட்டது. வலப்பக்க மேல்மூலை போயே போய்விட்டது. அது திரும்ப வராது ராணி. மற்றது இருக்கிறது.

இப்போது உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஒரு காரை பெயர்ந்த மஞ்சள் சுவர். அதில் சாய்ந்து ஒரு சைக்கிள். ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை. கேரியரில் சிவப்பு ரெக்ஸின், அதைச் செம்புக் கம்பியால் சுற்றிச் சுற்றி இறுக்கியிருக்கிறது. அந்தக் கம்பியைச் சுற்றியவன் நான். ஒர்க்‌ஷாப்பில் மிச்சமான கம்பி. அது என் சைக்கிள், இல்லையா? உன்னைப் பார்க்க உறையூருக்கு வந்த அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு எதிரே அப்படித்தான் சாய்த்திருந்தேன். கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். என் சைக்கிளாலேயே மோட்டாரை மூடியிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். தப்பாக நினைக்காதே, ஃபிட்டர் கண் சும்மா இருக்காது. வண்டி இடப்பக்கம் பார்த்து நிற்கிறது. அப்படி நின்றால் செயின் சுவர்ப்பக்கம் போய் மறைந்திருக்கவேண்டும். உன் படத்தில் செயின் நம் பக்கம் இருக்கிறது. உலகத்தில் எந்தச் சைக்கிளிலும் செயின் அந்தப் பக்கம் கிடையாது. மஹ்ஜபீனிடம் காட்டினேன். வேண்டுமானால் சரிசெய்து தருகிறேன் என்கிறாள். நீ சொன்னால்தான் தொடுவேன்.

கடைசியாக ஒன்று. மாடி உனக்குப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள். கோபித்துக்கொண்டு எழுதவில்லை. எழுதச் சொல்லிவிட்டுப் போனாயே, அதற்கு நன்றி. போனில் பேசியிருந்தால் இந்தச் சைக்கிளை நான் பார்த்திருக்கவே மாட்டேன். முப்பத்தொரு வருஷத்துக்கும் சேர்த்து நன்றி, ராணி.

இப்படிக்கு,
விக்டர்


தென்னூர்,
09.04.2025

அன்புள்ளவருக்கு,

செயினை யாரும் தொடக்கூடாது. மஹ்ஜபீனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் நீங்களும் உங்கள் சித்தப்பாவும் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தீர்கள். காபித் தட்டை வைத்துவிட்டுச் சுவரோரமாகத் தலைகுனிந்து நிற்கவேண்டும் என்று அம்மா உத்தரவு. உங்கள் பக்கம் திரும்பினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். எனக்கு நேரே பீரோக் கண்ணாடி. அதில் உங்கள் முகம் தெரியும் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். சித்தப்பாவின் தலை மறைத்தது. ஜன்னல் வழியாக எதிர்ச்சுவரும் உங்கள் சைக்கிளும்தான் தெரிந்தன. கண்ணாடியில் பார்த்தால் வலது இடதாகத்தானே தெரியும்? நீங்கள் போனபிறகு கண்ணில் பட்டதை அப்படியே வரைந்தேன். செயின் சரியான பக்கத்தில்தான் இருக்கிறது. நான் பார்த்தது அப்படித்தான்.

"மாப்பிள்ளைய நல்லாப் பாத்தியாடி?" என்று அப்பா கேட்டார். "பாத்தேன்" என்றேன். பார்த்தது செம்புக் கம்பியை. ஒரு ஓட்டைக் கேரியருக்கு இத்தனை பொறுமையாகக் கம்பி சுற்றியவர் என்னிடமும் பொறுமையாக இருப்பார் என்று நினைத்துத்தான் சரி என்றேன். பாதிக்குப் பாதி சரியாக இருந்தது.

செயின் தப்பு என்று நீங்கள் கண்டுபிடிக்கக் காத்திருந்த மாதிரி இத்தனை வருஷம் அந்தப் படம் பரணில் கிடந்திருக்கிறது. வேறு யார் பார்த்திருந்தாலும் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் உதிர்ந்த மூலை வரைக்கும் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு அது போதும். நன்றி.

லிசி அக்காவிடம் மாடியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், பகல் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம். படம் போடுவதற்கு அதைவிட நல்ல இடம் நம் வீட்டில் கிடையாது. காலையில் இங்கே வருவேன், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில். சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பிவிடுவேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குழம்பை நீங்கள் வைத்துவிடுங்கள். இந்த நாலு மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டிருப்பீர்கள்.

சனிக்கிழமை வாருங்கள். பெட்டி கனமாக இருக்கிறது. வரும்போது உங்கள் கையால் இழுத்து அடித்த கேன்வாஸ் இரண்டு கொண்டுவாருங்கள். சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். போன் பண்ணிவிட்டே வாருங்கள். கத்தினாலும் பரவாயில்லை.

உங்கள்,
ராணி