கனல் சுமந்து வாயில் புகுந்தவள்

கடலும் மலையும் ஒரு குடைக்கீழ் இனிதமர, கோல் கோணாது நாடாளும் செங்குன்றூர்ப் பெருவேந்தர் திருவாய் மலர்ந்தருளியபடி, பேரமைச்சர் வளவதரையர், கானல்மேட்டுக் கோட்டைத் தலைவர் நன்காரியார்க்கு விடுக்கும் ஓலை. நும் மதில் ஓங்குக. நும் கிணறுகள் ஊறுக. நும் மறவர் புண்ணின்றி மனை திரும்புக.

அடுமனைக் காவல் பூண்ட எயினி என்பாள் மதிலுக்குள் நெருப்புக் கொணர்ந்து குதிரைக் கொட்டிலை எரித்தாள் என்றும், அவளை நாடு கடத்த அவையம் முடிவு செய்தது என்றும், முத்திரை ஒன்றே குறை என்றும் நீர் எழுதியது கிடைத்தது. குதிரைகள் யாவும் பிழைத்தமை அறிந்து வேந்தர் மகிழ்ந்தார். ஆயினும் முத்திரையிடுமுன் அவளிடமே தூதர் ஒருவரை அனுப்பினார். அவர் வந்துரைத்ததை நீரும் கேட்பீராக.

பண்டு மதிலகத்துக் கூரைகள் பற்றியெரிந்தமையால், வேந்தரின் பாட்டனார் விறகடுப்பை உப்பங்கழிக்கு அக்கரையில் அமைக்கவும், கனல் உள்ளளவும் காவலாள் அதைவிட்டு அகலாதிருக்கவும் ஆணையிட்டார். நல்ல ஆணையே. ஆனால் அடுப்பின் கனல் அவிந்தால் கோட்டைக்குக் கேடு என்பது நும் ஊர் வழக்கம். ஆகவே அதை ஒருநாளும் அவிய விடுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவள் ஒருநாளும் அகல இயலாது. இது நும் அவையத்தில் எவர்க்கும் தோன்றவில்லை போலும்.

எயினியோ ஆணையை எள்ளளவும் பிசகாமல் காத்தாள். புகைவாயில் படிந்த கரியைச் சுரண்டுவாள். அடுப்பின் வாயருகே ஒரு சருகும் தங்க விடாள். மணலும் நீரும் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். முந்தானையை இறுகச் செருகிய பின்னரே தணலருகே குனிவாள். சுட்ட அப்பங்களைக் கரைக்கல்லின்மேல் அவள் வைத்துவிட்டுத் திரும்பிய பிறகே மறவர் வந்து எடுப்பர். சூட்டோடு உண்டீர், சுட்டவள் உண்டாளா என்று கேட்பாரில்லை. காய்ச்சலில் அவள் கணவன் மதிலுக்குள் மாண்டபோதும், பறையொலியை அக்கரையில் நின்றே கேட்டு அழுதாள். பேச்சுத்துணையின்றி அடுப்போடு பேசிப் பழகியதாகவும், மனிதரோடு பேசத் தொடங்கினால் நா எழுவதில்லை என்றும் தூதரிடம் சொல்லியிருக்கிறாள்.

இவ்வாண்டு மதிலுக்குள் வாழும் அவள் தங்கை மகளுக்குப் பெண்மகவு பிறந்தது. பெயரிடு விழாவுக்கு வருமாறு ஆள்வழி அழைப்பு வந்தது. போகவும் வேண்டும், கனலை விட்டு அகலவும் கூடாது. ஆகவே தணலை ஒன்றும் விடாமல் மண்சட்டியில் அள்ளி, மேலே சாம்பல் தூவிச் சுமந்துகொண்டே புறப்பட்டாள். நெருப்பை விட்டு வரக்கூடாது என்றார்கள், அதனால் அதையும் கூடவே கூட்டி வந்தேன் என்று அவள் கூறியதை அவையம் ஏளனமென்று கொண்டது. ஏளனமன்று, ஐயா, ஆசை. கொட்டிலருகே கடற்காற்று வீச, மூடியில்லாச் சட்டியிலிருந்து பொறி பறந்து வைக்கோலில் விழுந்தது. குழந்தையின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. தண்டனை வரும்வரை அப்பத்துக்கு வழியில்லையே என்று அவளையே மறுபடி அடுப்புக்கு அனுப்பினீர்.

நாடு கடத்தல் பற்றித் தூதர் மெல்ல அறிவித்தபோது அவள் அழவில்லை. போகிற ஊரில் பக்கத்தில் வீடுகள் இருக்குமா என்று மட்டும் கேட்டாள். அதைக் கேட்டதும் வேந்தர் தண்டனை ஓலையை ஒதுக்கி வைத்து, வேறோலை எழுதப் பணித்தார்.

ஆதலால் ஆணையாவது: நாடு கடத்தல் தள்ளப்பட்டது. அடுப்பு அக்கரையிலேயே இருக்க. அப்பம் சுட்டு முடிந்ததும் கனலை நீர் தெளித்து அவித்து, சாம்பலைக் கிளறிப் பார்த்து, மூடியுள்ள மண்கலத்தில் இடுக. அதனால் கேடு வருமாயின் வேந்தர் தலைமேல் வருக. இனி இருவர் முறைவைத்துக் காக்க. இவ்வோலை கண்ட அன்றே நீர் கழி கடந்து, நும் கையால் அக்கனலை அவித்து, எயினியை வெறுங்கையளாய்க் குழந்தை இருக்கும் மனைக்கு அழைத்துச் செல்க. மதிலுக்குள் அவளுக்கு ஒரு வீடு தருக. அதன் இருபுறமும் ஆள் குடியிருக்கும் வீடுகள் இருத்தல் வேண்டும்.

தண்டனை ஓலைக்கென உருக்கிய அரக்கிலேயே இவ்வோலைக்கு வேந்தரின் நாரைமுத்திரை இடப்பட்டது. தவறாது செய்க.